மூன்று மாதக் குழந்தை: தத்தெடுப்புச் சட்டமும் மகப்பேறு விடுப்பும் வந்த வழிகள்

(சற்றே நீண்ட பதிவு. சட்ட வரலாறு, பாலினக் கல்வி, தொழிலாளர் வரலாறு ஆகிய துறைகளில் உள்ள நண்பர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.)

2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் என்றதும் 26 வாரம் என்னும் எண்ணே நினைவுக்கு வரும். அதுவரை 12 வாரமாக இருந்த ஊதியத்துடன் கூடிய விடுப்பு அப்போதுதான் இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. அதே திருத்தம் மூலச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு ஒன்றையும் சேர்த்தது. மூன்று மாதத்துக்குக் குறைந்த வயதுடைய குழந்தையைச் சட்டப்படி தத்தெடுக்கும் பெண்ணுக்கும், தன் கருமுட்டையால் உருவான கருவை வாடகைத்தாயின் வழியே பெற்றெடுக்கும் பெண்ணுக்கும், குழந்தை ஒப்படைக்கப்பட்ட நாள்முதல் 12 வார விடுப்பு உண்டு என்பது அதன் சாரம். 1961இல் இயற்றப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் தத்தெடுக்கும் தாயை ஏற்றுக்கொண்டது அதுவே முதல்முறை.

இந்த உட்பிரிவை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தோடு அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள். பெற்றோர் தாமே ஒப்புவித்த குழந்தையாயின், அவர்கள் மனம் மாறித் திரும்பப் பெற்றுக்கொள்ள இரண்டு மாத அவகாசம் தந்தாக வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 35ஆம் பிரிவு. கைவிடப்பட்ட குழந்தையாயின், பெற்றோரைத் தேடும் விசாரணை முடிந்த பின்னரே குழந்தைகள் நலக் குழு அதனைத் தத்துக் கொடுக்கச் சட்டப்படி தடையற்றது என அறிவிக்கும். அந்த அறிவிப்புக்கு இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு இரண்டு மாதமும், அதற்கு மேற்பட்ட வயதினருக்கு நான்கு மாதமும் 38ஆம் பிரிவு விதிக்கும் வரம்பு. இவ்வளவுக்கும் பின்னர்தான் மருத்துவ அறிக்கை, காரா எனப்படும் மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் காத்திருக்கும் பெற்றோருக்குப் பரிந்துரை, அவர்களது ஒப்புதல், குழந்தையை ஒப்படைத்தல் ஆகியவை. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தின் தொட்டிலில், பிறந்த அன்றே இடப்பட்ட சிசுவாயினும் இந்தப் படிகளைக் கடந்துதான் ஒரு வீட்டை அடைய முடியும். எங்கும் ஒரு நாள்கூடத் தாமதம் நேராத அரிய நேர்வுகளில்தான் அது மூன்று மாதம் நிறைவதற்குள் தாயின் மடிக்கு வரும்.

ஒரு சட்டம் கேட்ட காலத்தை மற்றொரு சட்டம் மறுத்தது. ஏறத்தாழ 15 மாத இடைவெளியில் ஒரே நாடாளுமன்றம் இவ்விரண்டையும் நிறைவேற்றியது. முன்னதைக் கொண்டுவந்தது பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம். பின்னதைத் தொழிலாளர் அமைச்சகம். அமைச்சகங்களுக்கிடையே ஒருங்கிணைப்பு இல்லை என்று சொல்லிக் கடந்துவிடலாம். பலரும் அப்படித்தான் கடக்கிறார்கள். எனக்கு அவ்விளக்கம் போதுமானதாகத் தோன்றவில்லை. தத்தெடுப்புச் சட்டம் வாரிசுரிமையிலிருந்து கிளைத்தது; மகப்பேறு விடுப்போ ஆலைத் தொழிலாளியின் உடலிலிருந்து. புதிதாக வந்த குழந்தையோடு ஒருவர் வீட்டிலிருக்கச் செலவிடும் நாட்கள் இவ்விரண்டு மரபிலும் நெடுங்காலம் ஒரு பொருளாகவே கருதப்படவில்லை.

முதல் மரபைப் பார்ப்போம். சுவீகாரம் பற்றிய சமஸ்கிருத நூல்களில் நந்த பண்டிதரின் தத்தக மீமாம்சையும் தத்தக சந்திரிகையும் ஆங்கிலேய நீதிமன்றங்களில் பெற்ற செல்வாக்கு, அவை எழுதப்பட்ட காலத்தில் பெற்றதைவிடப் பெரிது என்றே சொல்லலாம். சதர்லாண்டு அவ்விரண்டையும் 1821இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். நீதிபதிகளின் மேசையில் அம்மொழிபெயர்ப்பே சட்டமாயிற்று. அந்நூல்களில் தத்துப்பிள்ளை என்பவன் மகனுக்கு ஈடான பிரதிநிதி. பிண்டமிடவும் குலம் தொடரவும் அவன் தேவைப்படுகிறான். குழந்தையின் வயது அங்கேயும் பேசப்படுகிறது. ஆனால் எந்தச் சடங்குக்கு முன்பு, எதற்குப் பின்பு என்னும் கணக்கில். குழந்தைக்கு என்ன தேவை என்பது கேள்வியாகவே எழுவதில்லை.

கம்பெனி ஆட்சிக்கு இது அரசியல் வாய்ப்பாக அமைந்தது. டல்ஹவுசியின் வாரிசு இழப்புக் கொள்கையைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம்: 1848இல் சதாரா, பின்னர் ஜான்சி. பாடநூல் விரைந்து கடந்துவிடும் நுட்பம் ஒன்று அதில் உண்டு. தத்துப்பிள்ளை தந்தையின் சொந்தச் சொத்தைப் பெறலாம், அரியணையைப் பெற மேலாதிக்க அரசின் இசைவு வேண்டும் என்பதே கம்பெனியின் வாதம். 1857க்குப் பின் கானிங் மன்னர்களுக்குத் தத்துரிமைச் சனதுகளை வழங்கியபோது அவ்வாதம் கைவிடப்பட்டது. தத்தெடுப்பு சொத்து மாறும் வழி என்னும் பார்வை மட்டும் நீதிமன்றங்களில் நிலைத்தது.

அப்பார்வைக்கு நம் பக்கத்துச் சான்று இராமநாதபுரம் வழக்கு. மதுரைக் கலெக்டருக்கும் முத்துராமலிங்க சேதுபதிக்கும் இடையிலான அந்த வழக்கில் பிரிவி கவுன்சில் 1868இல் தீர்ப்பளித்தது. கணவனின் அனுமதியின்றி விதவை ஒருத்தி தத்தெடுக்கலாமா என்பது கேள்வி. வங்கத்தில் கணவன் முன்பே அனுமதி தந்திருக்க வேண்டும். மிதிலையில் விதவைக்கு அவ்வுரிமையே இல்லை. மராத்தியப் பகுதியில் அனுமதி தேவையில்லை. திராவிடப் பகுதியில் கணவனின் சபிண்ட உறவினரது சம்மதம் போதுமென்று பிரிவி கவுன்சில் முடிவு செய்தது. நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதப்பட்ட நூலை வெல்லும் என்று அதில் வகுக்கப்பட்ட கோட்பாட்டைச் சட்ட மாணவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். கட்சிகள் யார் என்பதைக் கவனியுங்கள்: ஒருபுறம் கலெக்டர், மறுபுறம் ஜமீன். நடுவில் நின்ற பொருள், வாரிசு இல்லையெனில் அரசுக்குப் போகக்கூடிய நிலம்.

இதே காலத்து நீதிமன்றப் பதிவுகளில் என்னை வியக்கவைக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. மகளைத் தத்தெடுப்பது சாத்திரப்படி பொதுவாகச் செல்லாது என்று நீதிமன்றங்கள் கருதிய நாட்களில், தேவதாசிப் பெண்கள் தம் பெயரிலேயே பெண்குழந்தைகளைத் தத்தெடுத்து வந்தனர். பம்பாய் உயர் நீதிமன்றம் 1880இல் அதனை ஒழுக்கக் கேடென்று மறுத்தது. சென்னையிலோ அவ்வழக்கத்துக்குச் சில வரம்புகளுடன் ஏற்பு கிடைத்தது. கணவன் பெயரைச் சொல்லாமல் ஒரு பெண் மற்றொரு பெண்ணை வாரிசாக ஏற்கும் உரிமை, சமூகம் இழிவாகக் கருதத் தொடங்கியிருந்த ஒரு குலத்தில் மட்டும் எஞ்சியிருந்தது. அக்குழந்தைகளில் பலரை எந்த வாழ்வு காத்திருந்தது என்பதையும் மறந்துவிட்டு இதைப் புகழ முடியாது.

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் மகளைத் தத்தெடுப்பதை எல்லா இந்துக்களுக்கும் பொதுவாக்கியது. மணமாகாத பெண்ணும் விதவையும் மணமுறிவு பெற்றவளும் தம் பெயரில் தத்தெடுக்க வழி செய்தது. கணவனோடு வாழும் பெண்ணுக்கோ அவ்வழி அடைபட்டிருந்தது. கணவன் தத்தெடுப்பான், மனைவி சம்மதிப்பாள். இது 2010இல்தான் திருத்தப்பட்டது. 11ஆம் பிரிவைப் படித்தால் பழைய மரபின் கை இன்னும் விலகவில்லை என்பது தெரியும்: மகனைத் தத்தெடுக்க வேண்டுமாயின் தத்தெடுப்பவருக்கு உயிருள்ள மகனோ மகனின் மகனோ அவனது மகனோ இருத்தலாகாது. பிண்டமிடும் மூன்று தலைமுறைக் கணக்கு அது. தத்து நிறைவேற இச்சட்டம் கேட்பது, ஒருவர் கையால் கொடுக்க மற்றவர் கையால் வாங்குவது. நீதிமன்ற ஆணையோ குழுவின் அறிவிப்போ பொதுவாகத் தேவையில்லை. இந்தச் செய்தியை நினைவில் வைத்திருங்கள்; பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

இந்து அல்லாதோருக்கு எஞ்சியது 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம். அதன்படி குழந்தையை வளர்க்கலாம், பெற்றோராக முடியாது. அனைவருக்கும் பொதுவான தத்தெடுப்பு மசோதா 1972இல் மாநிலங்களவையில் அறிமுகமாகி, இஸ்லாமியரின் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. இஸ்லாமியரை விலக்கி 1980இல் கொண்டுவரப்பட்ட மசோதாவும் சட்டமாகவில்லை. குழந்தையின் நலம் மையத்துக்கு வந்தது எதிர்பாராத திசையிலிருந்து. வெளிநாட்டினர் இந்தியக் குழந்தைகளை அழைத்துச் செல்வதில் நடக்கும் முறைகேடுகளைச் சுட்டி லட்சுமி காந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதம் பொதுநல மனுவாக ஏற்கப்பட்டது. 1984இல் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, நாடாளுமன்றம் இயற்றத் தவறிய நெறிமுறைகளைத் தானே வகுத்தது. இந்தியப் பெற்றோருக்கு முன்னுரிமை, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்கள், இல்ல ஆய்வு அறிக்கை என இன்றைய நடைமுறையின் எலும்புக்கூடு அங்கிருந்து வந்தது. 1990இல் காரா தோன்றியதும் அதன் தொடர்ச்சியே. வெளிநாட்டுக்குத் தத்தாகப் போகும் குழந்தை இயன்றவரை மூன்று வயது நிறையுமுன் புதிய வீட்டை அடைவது நல்லது, அப்போதுதான் அவ்வீட்டோடு எளிதில் ஒன்றும் என்று அத்தீர்ப்பு கருதியது. நீதிமன்றம் மூன்று ஆண்டு என்று எண்ணிய இடத்தில் விடுப்புச் சட்டம் பின்னாளில் மூன்று மாதம் என்று எண்ணியது.

2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதன் 2006 திருத்தமும் மதச் சார்பற்ற தத்தெடுப்பைச் சட்டமாக்கின. தத்துக் குழந்தை பெற்றெடுத்த பெற்றோரிடமிருந்து நிலையாகப் பிரிந்து, தத்தெடுத்தோரின் சட்டப்படியான குழந்தையாக எல்லா உரிமைகளையும் பெறும் என அத்திருத்தம் வரையறுத்தது. ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம், எம்மதத்தவரும் விரும்பினால் இச்சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம் என்று தெளிவாக்கியது. தத்தெடுப்பதை அடிப்படை உரிமையாக அறிவிக்க மட்டும் இசையவில்லை. 2015ஆம் ஆண்டுச் சட்டம் பழையதை நீக்கி வந்தது. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திலிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாறியிருக்கிறது.

இனி இரண்டாம் மரபு. 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு பேறுகாலப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை இயற்றியது. அதையொட்டி இங்கே என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதா தோற்றது. முதல் சட்டம் 1929இல் பம்பாய் மாகாணத்தில் பிறந்தது. பிரசவ நாள்வரை தறியருகே நின்று, பெற்ற சில நாட்களில் மீண்டும் ஆலைக்கு வந்த பெண்களின் உடல்நிலையும், அவர்கள் பெற்ற சிசுக்களின் மரணமுமே அன்றைய விவாதத்தின் பொருள். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலன் என்றும், அச்செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டியதே முறை என்றும், அப்பெண்ணின் உழைப்பால் பயனடையும் முதலாளியும் பங்கேற்பது நியாயம் என்றும் வாதிட்டார். செலவு யாருடையது என்னும் அவ்வினாவுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் தந்த விடை, தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்துக்கு வெளியே முழுப் பொறுப்பும் முதலாளிக்கே என்பது. 2017இல் நாட்கள் கூடியபோதும் விடை மாறவில்லை. பெண்களை வேலைக்கு எடுப்பதில் தயக்கம் என்னும் புகார் அப்போது எழுந்ததற்கு வேர் இங்கே இருக்கிறது.

இம்மரபில் விடுப்பு என்பது பேறுற்ற உடல் தேறும் காலம். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் ஒரு பெண்ணை வேலைக்கு அமர்த்துவதே குற்றம் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அது அவள் உடலைக் காக்கும் விதி, அதன் தேவையை மறுப்பாரில்லை. தத்தெடுத்த தாய்க்குத் தேறவேண்டிய உடல் இல்லை. ஆகவே அவள் இச்சட்டத்தின் கண்ணில் தாயாகவே படவில்லை.

இரண்டு மரபும் முதலில் சந்தித்தது அரசு ஊழியரின் விடுப்பு விதிகளில். மத்திய அரசு 2006இல் தன் பெண் ஊழியருக்கு 135 நாள் தத்தெடுப்பு விடுப்பை அறிமுகம் செய்தது. அன்றைய மகப்பேறு விடுப்பும் அதே 135 நாள்தான். மகப்பேறு விடுப்பு 180 நாளானதைத் தொடர்ந்து 2009இல் இதுவும் 180 நாளாயிற்று. ஆண் ஊழியருக்குத் தத்தெடுப்பின்போது 15 நாள் கிடைத்தது. குழந்தையின் வயது வரம்பு ஓராண்டு. தன் ஊழியருக்குச் சமமான நாட்களையும் ஓராண்டு வரம்பையும் தந்த அதே அரசு, எட்டாண்டு கழித்துப் பிறருக்கு எழுதிய சட்டத்தில் 12 வாரத்தையும் மூன்று மாதத்தையும் எழுதியது.

அவ்விடுப்பு விதிகளில் ஒரு விளக்கக் குறிப்பு உண்டு. பாதுகாவலர் சட்டத்தின்படி வளர்ப்பில் எடுத்த குழந்தையும் 'குழந்தை' என்பதில் அடங்கும். ஆனால் அக்குழந்தை ஊழியரோடு குடும்பத்தில் ஒருவராக வாழ வேண்டும், மேலும் பெற்ற பிள்ளைக்குரிய அதே நிலையைச் சிறப்பு உயில் ஒன்றின் மூலம் அதற்கு அளித்திருக்க வேண்டும். பதினைந்து நாள் விடுப்புக்கு ஓர் உயில்! தொட்டிலருகே இருக்க அனுமதி கேட்பவரிடம் சொத்தை என்ன செய்வாய் என்று கேட்கும் இந்தக் குறிப்பை எழுதிய அலுவலர் தத்தக மீமாம்சையைப் படித்திருக்கத் தேவையில்லை. அது அவருடைய கோப்பின் மொழியில் ஏற்கெனவே ஊறியிருந்தது.

விடுப்பின் நோக்கமே வேறு என்று சொன்னவை நீதிமன்றங்கள். சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் பெண் ஊழியர் ஒருவர் வாடகைத்தாய் வழியே குழந்தை பெற்றபோது, கழகத்தின் விதிகளில் தத்தெடுக்கும் பெண்ணுக்கு விடுப்பு இருந்தது, இவருக்கு மறுக்கப்பட்டது. 2013இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சந்துரு அம்மறுப்பை ஏற்கவில்லை. குழந்தைக்கும் பெற்றோருக்கும் இடையே பிணைப்பு உருவாவதே அவ்விதியின் நோக்கம், அந்நோக்கம் இவருக்கும் பொருந்தும் என்றார். 2015இல் தில்லி உயர் நீதிமன்றமும் வாடகைத்தாய் நேர்வொன்றில் ஒத்த முடிவுக்கு வந்தது. உடலின் ஓய்விலிருந்து உறவின் தொடக்கத்துக்கு விடுப்பின் பொருளை நகர்த்திய இத்தீர்ப்புகளின் தடம் 2017ஆம் ஆண்டின் உட்பிரிவில் தெரிகிறது. நாடாளுமன்றம் பாதி தூரம் வந்தது. தத்தெடுத்த தாயை ஏற்றது. அவள் கையிலிருக்கும் குழந்தை அப்போதுதான் பிறந்ததைப் போல இருக்க வேண்டும் என்று விரும்பியது.

இனி, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் கொடுத்தலும் வாங்கலும். தங்கை பெற்ற குழந்தையை அக்காள் பதினாறாம் நாளிலேயே தத்தெடுத்துக்கொண்டால், பதிவு செய்த பத்திரத்தோடு அவளால் மூன்று மாத வரம்புக்குள் எளிதாக வந்துவிட முடிந்தது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வகைத் தத்துக்குப் பொருந்தாது என அதன் 56ஆம் பிரிவே சொல்கிறது. காராவின் வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, பின்னணி அறியாத குழந்தையைப் பெறுபவளுக்கே அவ்வரம்பு எட்டாததாக இருந்தது. உறவுக்குள், மதத்துக்குள் நிகழும் பழைய சுவீகாரத்துக்குப் பொருந்தும்படியும், அரசு தானே ஊக்குவிக்கும் புதிய தத்தெடுப்புக்குப் பொருந்தாதபடியும் உட்பிரிவு அமைந்தது. திட்டமிட்டு யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். தத்துக் குழந்தை என்றதும் வரைவாளர் மனத்தில் எழுந்த படம் பழையது என்பதே என் வாசிப்பு.

அப்படத்தில் இல்லாத குழந்தைகளை எண்ணிப் பாருங்கள். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிறையாத எந்தக் குழந்தையையும் தத்தெடுக்கலாம். இல்லத்தில் நான்காண்டு வளர்ந்த பிள்ளை, பிரிக்கலாகாத உடன்பிறப்புகள், ஊனமுற்ற குழந்தை ஆகியோருக்குப் புதிய வீட்டில் மொழியும் உணவும் உறக்கமும்கூடப் புதிதாகக் கற்கவேண்டியவை. பசித்தால் அழத் தெரிந்த சிசுவைவிட, கேட்கப் பயப்படும் ஐந்து வயதுப் பிள்ளைக்கே ஒருவர் வீட்டிலிருப்பது கூடுதலாகத் தேவைப்படலாம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இயற்றப்பட்டபோது இதையெல்லாம் மறுபரிசீலனை செய்ய வாய்ப்பு இருந்தது. அதன் 60ஆம் பிரிவு மூன்று மாத வரம்பை அப்படியே எடுத்துக்கொண்டது. இரு குழந்தைகளைத் தத்தெடுத்த தாயொருவர் அவ்வரம்பை எதிர்த்து 2021இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்.

நம் துறைக்கு நெருக்கமான ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கான பல்கலைக்கழக மானியக் குழு விதிகள், ஆய்வுக் காலத்தில் பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு அளிக்கின்றன. தத்தெடுத்த ஆய்வாளர் அதில் இரண்டாவது சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் விண்ணப்பிக்க வேண்டும்.

தந்தையரைப் பற்றித் தனியே எழுத வேண்டும். பெற்ற உடலின் ஓய்வு என்னும் காரணம் இல்லாத தத்தெடுப்பில், குழந்தைக்குத் தாயும் தந்தையும் ஒரே அளவு புதியவர்கள். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி தனித்து வாழும் ஆண் ஒருவர் ஆண் குழந்தையைத் தத்தெடுக்கலாம். மகப்பேறு நலச் சட்டமும் அதன் இடத்துக்கு எழுதப்பட்ட 2020ஆம் ஆண்டுத் தொகுப்பும் அவருக்கு ஒரு நாள் விடுப்பையும் குறிப்பிடவில்லை.